உயர்த்திக் கட்டிய மலசலகூடம்

மலசலகூடத்துக்காகச் சண்டை பிடித்த ரீச்சர் என்றுதான் மன்னார்ப் பாலத்துக்கு அந்தப் பக்கத்தில் சிலர் என்னை இன்னும் அறிமுகம் செய்துவைக்கிறார்கள். கேட்பவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டுவார்கள். எனக்கு அதில் வெட்கம் இல்லை. பெருமைப்படத் தெம்பும் இல்லை. பெண்பிள்ளைகளின் கல்வி, சமத்துவம், உரிமை என்று மேடைகளில் எவ்வளவு பேசினாலும், அந்தப் பேச்சு கடைசியில் ஒரு கதவிலும் ஒரு கொண்டியிலும் ஒரு வாளித் தண்ணீரிலும்தான் வந்து நிற்கும். இதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. தெரிந்துகொண்ட நேரத்தில் நான் நன்றாகக் களைத்துப்போயிருந்தேன்.

யுத்தம் முடிந்து சனங்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. மன்னார்த் தீவில் ஆசிரியையாக இருந்த நான், இளைப்பாறும் வயது வருமுன்பே வேலையை விட்டுவிட்டு ஒரு சின்னப் பெண்கள் அமைப்பில் சேர்ந்திருந்தேன். அமைப்பு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஓர் அறை, ஒரு மேசை, மூன்று பெண்கள். நான் கடலுக்குப் போகிறவர்களின் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். அடுத்தவர் என்னைவிட மூத்த முஸ்லிம் பெண். யுத்தகாலத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்து அகதி முகாமில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு ஊர் திரும்பியவர். அவர்கள் அக்காவை ராத்தா என்பார்கள், நாங்களும் அவரை அப்படியே கூப்பிட்டோம். மற்றவள் திருக்கேதீஸ்வரத்துக்குக் கிட்ட வயல் செய்கிற இந்துக் குடும்பத்து மருமகள். மூவரிலும் இளையவள், அதனால் தங்கச்சி. எதைச் சொன்னாலும் முதலில் "ஓம் அக்கா" என்பாள். அதற்குப் பிறகுதான் யோசிப்பாள்.

நாங்கள் அதிகம் போய்வந்த பாடசாலை பெருநிலத்தில், கடற்கரைக்கும் வயலுக்கும் நடுவில் இருந்தது. கரையிலிருந்து கத்தோலிக்கப் பிள்ளைகளும், கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் விளைகிற ஊர்களிலிருந்து இந்துப் பிள்ளைகளும், மீளக் குடியேறின ஊர்களிலிருந்து முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். ஆண்பிள்ளைகளுக்கு மதிலும் பற்றையும் இருந்தன. பெண்பிள்ளைகளுக்கு இருந்த பழைய கக்கூசின் குழி மாரி பிறந்தால் நிரம்பி முற்றத்துக்கு வந்துவிடும். பெரியபிள்ளையான பெண்கள் மாதத்தில் சில நாள் வரமாட்டார்கள். பாடம் விட்டுப்போகும், விட்டுப்போனதால் அடி விழும், பிறகு மெல்ல மெல்ல வராமலே நின்றுவிடுவார்கள். வீடு வீடாகப் போய் ஏன் அனுப்பவில்லை என்று கேட்டோம். கரையில் ஒரு தாய் தூரம் என்றார். வயற்பக்கத்தில் காலம் கெட்டுக் கிடக்கிறது என்றார்கள். முஸ்லிம் ஊரில் ஒரு தகப்பன், "ஒதுக்கமா ஒரு இடம் இல்லாத பள்ளிக்குப் பெண்புள்ளய எப்படி அனுப்புற?" என்று நேராகவே கேட்டார். அவர் கேட்டதைத்தான் மற்றவர்களும் சுற்றிவளைத்துச் சொன்னார்கள். மூன்று சனமும் வாய்விட்டுச் சொல்லாமல் ஒத்துப்போன ஒரே விசயம் அதுவாகத்தான் இருக்கும்.

நடந்து நடந்து, கெஞ்சிக் கெஞ்சி, ஒருவழியாக அந்த மலசலகூடத்துக்கு அனுமதி வாங்கினோம். கட்டத் தொடங்கியபோது உயரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்த நிலம் தாழ்வானது. மாரியில் முழங்கை ஆழம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். குழியை நிலத்துக்கு மேலே எழுப்பி, அதற்குமேல் கக்கூசைக் கட்டினால்தான் வெள்ளத்துக்குத் தப்பும். பொறியியலாளர் போட்டுத் தந்த உயரம் தாய்மாருக்குப் போதவில்லை. அந்த முற்றத்தில் போன மாரிக்கு எது மிதந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். "இன்னுமொரு படி வையுங்கோ" என்றார்கள். மேசனும் வைத்தார். பிறகு இன்னொருத்தி வந்து பார்த்து இன்னொரு படி கேட்டாள். அதையும் வைத்தார். எல்லாம் முடிந்து பார்த்தபோது அது மைதானத்தின் மூலையில், தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சின்னக் கோயில் மாதிரி, ஒடுங்கின செங்குத்துப் படிகளோடு நின்றது. அந்த மாரியில் முற்றமெல்லாம் வெள்ளம் நின்றும் கக்கூசுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. தாய்மார் வந்து பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார்கள்.

பெண்பிள்ளைகளின் வரவு கூடிற்று. எங்களை வவுனியாவில் ஒரு ஹோட்டலுக்குப் பயிற்சிப் பட்டறைக்குக் கூப்பிட்டு, எங்கள் அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். கொழும்பிலிருந்து பயிற்சி தர வந்த வளவாளர் பெரிய தாளில் வட்டங்கள் கீறினார். ஒன்று பால், ஒன்று சாதி, ஒன்று மதம், ஒன்று வறுமை, ஒன்று உடற்குறை. வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டுகிற இடத்தில் நிற்கிற ஆளைத்தான் நாங்கள் மறந்துவிடுகிறோம் என்றார். தங்கச்சி "ஓம்" என்று எழுதிக்கொண்டாள். ராத்தா என் காதில், "அந்த நடுவுல நிக்கிறவளுக்கு இருக்க ஒரு கதிரையும் கீறச் சொல்லு" என்றார். நான் சிரித்தேன். மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது என்பதும் ஞாபகம் இருக்கிறது.

நடுவில் நிற்கிற ஆள் எங்கள் பாடசாலையிலேயே இருந்தாள். பத்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுடன் பேசப் போனபோதுதான் அவளைக் கவனித்தேன். வெயிலுக்கு நெல்லிரசம் கரைத்துக் கொடுத்தோம். மற்றப் பிள்ளைகள் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார்கள். பின்வாங்கில் இருந்த ஒருத்தி மட்டும் கோப்பையைத் தொடாமலே பக்கத்துப் பிள்ளையிடம் தள்ளிவிட்டாள். சாதி பார்த்து மற்றவர் கையால் வாங்கிக் குடிக்காத வீட்டுப் பிள்ளையோ என்று முதலில் நினைத்து எனக்குச் சுருக்கென்றது. அப்படியான வீடுகளும் எங்கள் பக்கத்தில் உண்டு.

"ஏன் பிள்ளை, பிடிக்காதோ?" என்று கேட்டேன்.

"பிடிக்கும் ரீச்சர். பள்ளிக்கூடத்தில நான் ஒண்டும் குடிக்கிறேல்லை."

"ஏன்?"

அவள் பாவாடையைக் கொஞ்சம் தூக்கி, சப்பாத்து மாட்டியிருந்த வலதுகாலைக் காட்டினாள். முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். மீளக் குடியேறின புதிதில் விறகு பொறுக்கப் போன இடத்தில் மிதிவெடியில் போனதாம். "கக்கூசுப் படி உயரம். கம்பியும் இல்லை. ஏறினாலும் உள்ளுக்குக் குந்த ஏலாது. வீட்டை போய்த்தான்" என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவளுடைய குடும்பம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தது. கலவரத்துக்குப் பயந்து இறங்கி வந்த தாத்தா காலத்திலிருந்து அடுத்தவன் வயலில்தான் கூலி. வயல் ஊருக்கும் அப்பால், வாய்க்கால் முடிகிற இடத்தில் அவர்களுக்குத் துண்டு துண்டாகக் காணி கொடுத்திருந்தார்கள். பேரப்பிள்ளைகளுக்கு இங்கத்தைய பேச்சு வந்த பிறகும் ஊரார் வாயில் அவர்கள் தோட்டக்காட்டார்தான். பிள்ளை நன்றாகப் படிப்பாள், கணக்கில் கெட்டிக்காரி என்று வகுப்பாசிரியை சொன்னார். என்னவாக விருப்பம் என்று கேட்டேன். வர்த்தகப் பிரிவில் உயர்தரம் படித்து வங்கியில் வேலைக்குப் போக வேண்டும் என்றாள். "அங்க கண்ணாடிக்குப் பின்னால இருந்துகொண்டு வேலை செய்யலாம் ரீச்சர். அடிக்கடி எழும்பத் தேவையில்லை." அவள் தன் எதிர்காலத்தை அப்படித்தான் தேர்ந்திருந்தாள்.

உடனே பாடசாலை அதிபரிடம் போனோம். சாய்வுப் பாதை ஒன்று வேண்டும், ஒரு அறையிலாவது குந்தாமல் உட்காரக்கூடிய கதிரைக் கக்கூஸ் வைக்க வேண்டும் என்றோம். அவர் நல்ல மனிதர், ஒன்றையும் மறுக்கமாட்டார். "சோதனை முடியட்டும், பாப்பம்" என்றார். எந்தச் சோதனை என்று நாங்கள் கேட்கவில்லை. அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை வந்துவிட்டது. கணிதத்துக்கு ஒரே நாளில் இரண்டு வினாத்தாள். அந்த நாட்களில் காலையிலிருந்து பின்னேரம் வரை அவள் நாக்கை நனைக்கவில்லை. முதல் தாளை எழுதிவிட்டு வெளியே வந்தவளுக்குக் குளிரும் காய்ச்சலும். எழுந்து நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சலத்தில் கிருமி என்று தாதி சொல்லி, "தண்ணி குடிக்கிறேல்லையோ பிள்ளை?" என்று கண்டித்தாராம். இரண்டாவது தாள் அவள் இல்லாமல் நடந்து முடிந்தது. மற்றப் பாடங்களில் நல்ல பெறுபேறு வந்தது. கணிதத்தில் சித்தி இல்லை. கணிதம் இல்லாமல் அந்தப் பாடசாலையில் உயர்தரத்துக்கு எடுக்கமாட்டார்கள்.

நாங்கள் மூவரும் அவளுடைய வீட்டுக்குப் போனோம். தகப்பன் வரம்பு கட்டிவிட்டு வந்த சேற்றுக் காலோடு முற்றத்தில் நின்றார். உட்காரச் சொல்லி இருந்த ஒரே கதிரையை என் பக்கம் தள்ளினார், பிறகு ராத்தாவின் பக்கம் தள்ளினார், கடைசியில் ஒருவரும் உட்காரவில்லை.

"இன்னும் ஒரு தடவை எழுதட்டுங்க" என்றார். "நான் வேணாங்கல. அதுலயும் இல்லன்னா தையலுக்கு அனுப்பிடுறேன். மிசின் ஒண்ணு தாறதா சொல்லியிருக்காங்க. புள்ளய இப்படிக் காய்ச்சலோட தூக்கிட்டு அலைய எங்களால முடியலீங்க."

அவள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் தகப்பனிடம் கோபப்படவும் ஏதுமில்லை. அடுத்த பரீட்சைக்கு முன்னால் அந்தச் சாய்வுப் பாதை கட்டி முடிய வேண்டும் என்று மட்டும் எங்களுக்குப் பிடிபட்டது.

பிறகுதான் ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராக ஏறி இறங்கினது. எனக்கு இப்போதும் நினைத்தால் கால் உளைகிறது. பெண்பிள்ளைகளின் விசயம் என்று மகளிர் அபிவிருத்திக்குப் போனோம். அவர்கள் கேட்டுவிட்டு, "இது கால் பிரச்சினை அல்லவா, சமூக சேவைக்குப் போங்கோ" என்றார்கள். சமூக சேவையில் பொய்க்காலுக்கும் ஊன்றுகோலுக்கும் மாத்திரம்தான் ஒதுக்கீடாம். பாடசாலைக் கட்டடம் என்றால் வலயக் கல்விக் கந்தோர். கல்விக் கந்தோரில் இருந்த உத்தியோகத்தர் அன்பாகத்தான் பேசினார். ஏற்கெனவே மலசலகூடம் கட்டிக் கொடுத்தாயிற்று, ஒரு பாடசாலைக்கு அதே தலைப்பில் இன்னொரு தரம் ஒதுக்க முடியாது, பெண்பிள்ளைகளின் விசேட தேவை என்று மகளிர் பக்கத்தால் வந்தால் பார்க்கலாம் என்றார். வந்த வழியே திரும்பச் சொன்னார் என்பது பஸ்ஸில் ஏறின பிறகுதான் எனக்கு விளங்கிற்று. பெண் என்றால் ஒரு மேசை, கால் என்றால் ஒரு மேசை, ஏழை என்றால் இன்னொரு மேசை. முழுப்பிள்ளைக்கு எங்கேயும் ஒரு மேசை இல்லை. வளவாளரின் வட்டங்களை அன்றைக்குத்தான் நான் ஒழுங்காகப் படித்தேன், அதுவும் நின்றுகொண்டு போகிற பஸ்ஸில்.

ராத்தாவுக்கு இந்த அலைச்சல் புதிதல்ல. காணிக்கும் வாக்குப் பதிவுக்கும் அவர் இதைவிட நீளமாக நடந்தவர். "அலையவிட்டா நாம போயிருவம் எண்டு நினைக்கிறாங்க புள்ள. போகாமத் திரும்பத் திரும்ப வந்தா அவங்களுக்கே நம்மளப் பாத்து அலுத்துப்போகும். அப்பதான் கையெழுத்து விழும்" என்றார். அவர் சொன்னபடியே நடந்தது. எங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் பொறியியலாளர் ஒருநாள் அளவுநாடாவோடு பாடசாலைக்கு வந்தார் என்று நினைக்கிறேன்.

அவர் அளந்தார். தாய்மார் கேட்டுக் கேட்டு உயர்த்தின ஒவ்வொரு படிக்கும் பாதை நீண்டுகொண்டே போயிற்று. பொய்க்காலோடு ஏறக்கூடிய சரிவில் கட்டினால் அது நேராக மைதானத்துக்குள் இறங்கும் என்றார். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, மூலைக்கொடி நடுகிற இடத்தில் போய் முடிந்தது அவருடைய அளவு. எங்கள் பக்கத்தில் உதைபந்தாட்டம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டம். மதம், சாதி, கட்சி எல்லாவற்றிலும் பிரிந்து நிற்கிற ஆண்கள் சேர்ந்து நிற்கிற ஒரே இடம் அந்த மைதானம். யுத்தத்துக்குள்ளும் பந்தடித்த இடம். அதன் மூலையில் பெண்பிள்ளைகள் கக்கூசுக்குப் போகிற பாதை வருகிறது என்ற செய்தி பின்னேரத்துக்குள் மூன்று ஊருக்கும் போய்விட்டது.

பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கூட்டம் போட்டது. என்றைக்கும் வராத பழைய மாணவர்கள் எல்லாம் வந்து பின்னால் நின்றார்கள். பெண்கள் நாங்கள் மூவர், இரண்டு ஆசிரியைகள், மூன்று நான்கு தாய்மார். பிள்ளை வரவில்லை, அவளைக் கூட்டிவர வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன், அங்கே என்ன பேசுவார்கள் என்று தெரியும்.

"மூலை உதை அடிக்கிறவன் எங்க நிண்டு ஓடி வாறது?" என்று கரையூர்ப் பழைய மாணவர் ஒருவர் கேட்டார். அவருக்கு உண்மையாகவே அது பெரிய கவலை.

"ஒரு பிள்ளைக்காக ஒரு மைதானத்தைக் கெடுக்கலாமோ?" என்றார் இன்னொருவர்.

எங்கள் தங்கச்சியின் கணவருடைய தமையன் எழுந்தார். வயல் காணிகள் நிறைய உள்ளவர். பிள்ளையின் தகப்பன் கூலிக்குப் போவதும் அவருடைய வயலுக்குத்தான். "நான் ஒருத்தரையும் குறைச்சுச் சொல்லேல்லை" என்று தொடங்கினார். அப்படித் தொடங்குகிறவர்கள் எதில் முடிப்பார்கள் என்று எனக்குப் பழக்கம். "அவையள் இந்த ஊர்ச் சனமும் இல்லை. இண்டைக்கு இருப்பினம், நாளைக்கு எங்கையும் போயிடுவினம். மைதானம் எங்கட பிள்ளையளுக்கு எண்டைக்கும் வேணும்."

நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்து சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். மூத்தாருக்கு முன்னால் அவள் கதிரையிலேயே உட்காருவதில்லை, கூட்டத்தில் எங்கே வாய் திறப்பது. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது என்றால் பொய்யில்லை. ராத்தாதான் எழுந்து, மெதுவாகப் பேசினார். "உங்கட பந்து கக்கூசுப் பக்கம் போனா எங்கட புள்ளைகள் எடுத்துத் தாறாங்கதானே? அதுகளுக்கும் கொஞ்சம் இடம் தாங்க" என்றார். சிலர் சிரித்தார்கள். சிரித்தபிறகு அவ்வளவு முறைப்பாக நிற்க முடியவில்லை.

கடைசியில் பொறியியலாளர், அலுத்துப்போய், பாதையை மடித்துக் கட்டலாம் என்றார். நேராக இறங்காமல், பாதியில் திரும்பிச் சுவரோடு ஒட்டிவரும். செலவும் வேலையும் கூடும், ஆனால் சுண்ணாம்புக் கோடு தப்பும். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்க எனக்கு வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அந்த வயதில் நான் கேட்காமல் விட்டவற்றை எல்லாம் சேர்த்தால் இன்னொரு மலசலகூடம் கட்டலாம்.

வேலை தொடங்கியது, நின்றது, மணல் வரவில்லை, மேசன் வரவில்லை, மறுபடி தொடங்கியது. மழை தொடங்கிப் பரீட்சை கிட்டக் கிட்ட, நான் பாலம் தாண்டிப் போய்ப் போய்ச் சீமெந்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். ஒருவழியாக முடிந்தது. கைபிடிக்கக் கம்பி போட்டு, ஒரு அறையில் கதிரைக் கக்கூசும் வைத்து, வெள்ளையும் அடித்துவிட்டார்கள். பரீட்சைக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. அன்றைக்கு நாங்கள் மூவரும் ஒரு கடையில் இருந்து பிளேன்ரீ குடித்தோம். ராத்தா வடையும் வாங்கித் தந்தார். இனி நித்திரை கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அரசியல் பிரமுகர் ஒருவர் வந்து அதைத் திறந்துவைப்பதாக ஏற்பாடு. நல்ல விசயம், வரட்டும். ஆனால் அவருக்கு வசதியான நாள் பரீட்சைக்குப் பிறகுதான் கிடைத்தது. அதுவரைக்கும் பாதையின் தொடக்கத்தில் சிவப்பு நாடா கட்டி, கதிரைக் கக்கூஸ் அறையின் கதவுக்கு ஆமைப்பூட்டுப் போட்டுவிட்டார்கள். இது எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விசயமாகவே ஒருவருக்கும் தோன்றவில்லை. திறக்காததைத் திறப்புவிழாவுக்கு முன்னால் பாவிப்பதா என்று எங்கள் நாட்டில் சின்னப்பிள்ளையும் கேட்கும்.

கணிதப் பரீட்சையன்று காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது முற்றம் வெள்ளக்காடாக இருந்தது. பிள்ளையைத் தகப்பன் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு வேலைக்குப் போயிருந்தார். அவள் பாதைக்கு முன்னால், நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். ராத்தா காவலாளியோடு பேசிக்கொண்டிருந்தார்.

"பூட்டின்ர திறப்பு அதிபரிட்ட இருக்கு" என்றார் காவலாளி. "அதிபர் வேறை பள்ளிக்கூடத்தில சோதனை மேற்பார்வைக்குப் போயிட்டார். நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ."

பரீட்சை மண்டபத்துக்குப் பொறுப்பாக வெளியூரிலிருந்து வந்தவரிடம் ஓடினேன். தனக்கு மண்டபம் மட்டும்தான் பொறுப்பு, வெளியில் உள்ள கட்டடங்களில் தான் கைவைக்க முடியாது என்றார். அவர் சொன்னதும் சரிதான். அன்றைக்கு எல்லோரும் சரியாகத்தான் பேசினார்கள். அதிபருக்குத் தொலைபேசி எடுத்தேன்; மண்டபத்துக்குள் போகிறவர்கள் அதை அணைத்து வைத்துவிடுவார்கள். முதல் மணி அடிக்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட வேண்டும்போல இருந்தது.

"பரவாயில்லை ரீச்சர்" என்றாள் பிள்ளை. "நான் காலமையில இருந்து ஒண்டும் குடிக்கேல்லை."

அப்போது தங்கச்சி வந்தாள். வாய்க்கால் உடைத்துக்கொண்டதென்று விடியற்காலையிலேயே வயலுக்குப் போனவள், அப்படியே சைக்கிளில் வந்திருந்தாள். பின்னால் மண்வெட்டி கட்டியிருந்தது. ராத்தா நடந்ததைச் சொன்னார். தங்கச்சி "ஓம்" என்றாள். மண்வெட்டியை அவிழ்த்து எடுத்துக்கொண்டு, நாடாவுக்குக் கீழால் குனிந்து, பாதையில் ஏறிப் போனாள். காவலாளி, "பிள்ளை, பிள்ளை" என்றுகொண்டு பின்னால் போனார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மண்வெட்டியின் பின்பக்கத்தால் பூட்டின்மேல் அடித்தாள். பூட்டுப் பலமானது, அசையவில்லை. கதவில் அடித்திருந்த கொளுவிதான் இரண்டாம் மூன்றாம் அடியில் ஆணியோடு கழன்று வந்தது. மண்டபத்து வாசலில் நின்ற பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மூத்தார் கேட்டா?" என்று நான் கேட்டேன். அந்த நேரத்தில் ஏன் அதைக் கேட்டேனோ தெரியாது.

"கேக்கட்டும் அக்கா" என்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

ராத்தா நாடாவை அறுக்க விடவில்லை. அது பிரமுகருக்கு வேண்டும், அறுத்தால் வேறு கதை கட்டுவார்கள் என்று, இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தார். பிள்ளை அதற்குக் கீழால் போய், கம்பியைப் பிடித்து, மடிப்பில் திரும்பி, தனியாக ஏறினாள். கதவு சாத்திக்கொண்டது. நாங்கள் மூவரும் மழையில் நின்று காவல் காத்தோம். வெளியே வந்தவள் என் பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைக் கேட்டு வாங்கி, நின்ற நிலையில் முழுவதையும் குடித்தாள். பிறகு மண்டபத்துக்குள் போனாள். இரண்டு தாளும் எழுதினாள்.

திறப்புவிழா குறித்த நாளில் நடந்தது. புதிய கொளுவியும் புதிய பூட்டும் நாங்கள் வாங்கிக் கொடுத்திருந்தோம். அரச சொத்துக்குச் சேதம் விளைவித்ததாக ஒரு பேச்சு எழுந்து, அதிபர் நல்ல மனிதர் என்பதால் அது மெல்ல அடங்கிவிட்டது. பிரமுகர் நாடாவை வெட்டினார், பெண்கல்வியைப் பற்றி நீளமாகப் பேசினார். எங்களுக்குக் கடைசி வரிசையில் கதிரை கிடைத்தது. தங்கச்சி வரவில்லை. வீட்டில் அவளோடு கொஞ்ச நாள் ஒருவரும் பேசவில்லை என்று பிறகு தெரிந்தது. அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, சமைக்கிற நேரத்தில் பேச்சுக் குறைந்தது நல்லது என்றாள்.

பெறுபேறு வந்தது. கணிதத்தில் நல்ல சித்தி. தகப்பன் தையல் மிசினைப் பற்றிப் பிறகு வாயே திறக்கவில்லை. உயர்தர வகுப்புத் தொடங்கின கிழமை, வர்த்தகப் பிரிவில் அவளைச் சேர்த்துக்கொண்டார்களா என்று பார்க்கப் போனேன். சேர்த்திருந்தார்கள். பாடசாலை விடுகிற நேரம். பிள்ளைகள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக அவள் மாடிப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து வைத்து இறங்கி வந்தாள். உயர்தர வகுப்புகள் எல்லாம் மேல்மாடியில் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எத்தனை தரம் அந்தக் கட்டடத்தைக் கடந்து போயிருப்பேன்.

"அதிபரோட கதைக்கிறன்" என்றேன். "வகுப்பைக் கீழ மாத்தச் சொல்லுறன். நீ யோசிக்காத." சொல்லும்போதே எனக்குள் கந்தோர்களும் மேசைகளும் கூட்டமும் வரிசையாக வந்து நின்றன. என் குரலில் அது தெரிந்திருக்க வேண்டும்.

"வேணாம் ரீச்சர்" என்றாள் அவள், என்னைத் தேற்றுவதுபோல. "நீங்கள் எனக்காக எவ்வளவு அலைஞ்சிட்டீங்கள். நான் காலமை ஒருக்கா ஏறுவன். விட்டாப்பிறகு ஒருக்கா இறங்குவன். இடையில இறங்கத் தேவையில்லை."

"இடையில தேவைப்பட்டால்?"

"தேவைப்படாது. தண்ணி குடிக்காமல் இருக்க எனக்கு நல்ல பழக்கம்தானே" என்றாள். தனக்கு மட்டும் கைவந்த ஒரு பாடத்தைப் பற்றிச் சொல்வதுபோல, கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.